295/80 ஆர் 22.5 என்று எழுதியிருக்கிறது, டேப்பில் ஏன் அந்தக் கணக்கு வருவதில்லை?

லாரி வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "பின் அச்சில் ஒரே பக்கத்தில் இரண்டு கம்பெனி டயர்கள் ஜோடியாக ஓடுகின்றன. இரண்டிலும் 295/80 ஆர் 22.5 என்றுதான் இருக்கிறது. கணக்குப் போட்டால் 1044 மி.மீ. உயரம் வர வேண்டும். தரையிலிருந்து டயரின் உச்சி வரை டேப் பிடித்தால் ஒன்று 1015, இன்னொன்று 1020. இரண்டுமே குறைகிறது, தங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. இதில் யார் என்னை ஏமாற்றியது?"

யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டு டயருமே விதிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அந்த 5 மி.மீ. வித்தியாசத்தைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். அது உண்மையில் 10 மி.மீ. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் 1044 எங்கே போனது என்று பார்ப்போம்.

உங்கள் கணக்கு சரிதான். பக்க அகலம் 295 மி.மீ. அதில் 80 சதவீதம் பக்க உயரம், அதாவது 236. அந்த உயரம் ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முறை வரும், 472. ரிம் 22.5 அங்குலம், அதாவது 571.5 மி.மீ. கூட்டினால் 1043.5. இதுதான் எல்லோரும் போடும் கணக்கு. ஆனால் இந்த மூன்று எண்களில் ரிம் விட்டம் ஒன்றுதான் அப்படியே நம்ப வேண்டியது. டயரின் பீட், அதாவது ரிம்மைப் பிடிக்கும் உள் விளிம்பு, உட்காரும் இடம் அது, அங்கே விளையாட்டுக்கு இடமில்லை. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் காற்றின் பலத்தால் ஏற்றப் பார்த்து, பீட் அறுந்து வெடித்து, ஆள் செத்த சம்பவங்கள் உண்டு. அரை அங்குலம்தானே என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். மற்ற இரண்டு எண்கள், 295-ம் 80-ம், டயருக்கு வைத்த பெயர் மாதிரி. அந்தப் பெயரில் விற்கும் டயர் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரம்பு எவ்வளவு என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வணிக வாகன டயர்களுக்கு ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வைத்திருக்கும் 54-ஆம் எண் ஒழுங்குமுறை இப்படிச் சொல்கிறது: பக்க உயரத்தை 0.97-ஆல் பெருக்கினால் குறைந்தபட்சம், சாதாரண ரேடியல் டயருக்கு (பெயரில் உள்ள 'ஆர்' இதைத்தான் குறிக்கிறது) 1.04-ஆல் பெருக்கினால் அதிகபட்சம். உங்கள் 236-ஐ வைத்துப் போட்டால், விட்டம் சுமார் 1029 மி.மீ. முதல் 1062 மி.மீ. வரை எங்கே நின்றாலும் அது 295/80 ஆர் 22.5 தான். 33 மி.மீ. இடைவெளி! மண், சேறு, சுரங்கம் என்று சிறப்பு உபயோகத்துக்கான ரேடியலுக்கு மேல் வரம்பு 1.06, அதாவது கிட்டத்தட்ட 1072 வரை போகலாம்.

இவ்வளவு தளர்வு எதற்கு என்று தோன்றும். ஒரே பெயரில் நெடுஞ்சாலைக்கான, நீளவாக்கில் கோடு போட்ட ரிப் டயரும் வருகிறது, ஆழமான பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) வைத்த லக் டயரும் வருகிறது. டயரை வார்க்கும் அச்சு ஒவ்வொரு கம்பெனியிலும் கொஞ்சம் வேறு வடிவம். சாலையில் ஓடி டயர் சற்று வளரவும் இடம் விட வேண்டும். வாகனம் செய்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெயரில் எந்த டயர் வந்தாலும் மட்கார்டில், ஸ்பிரிங்கில், பக்கத்து டயரில் உரசக் கூடாது. அதற்காகப் போட்ட எல்லைக்கோடு இது. அமெரிக்காவில் டயர் அண்ட் ரிம் அசோசியேஷன், ஐரோப்பாவில் ஈடிஆர்டிஓ, ஜப்பானில் ஜாட்மா என்று இதற்கான அமைப்புகள் வெளியிடும் அட்டவணைகள் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. எல்லைக்குள் எங்கே நிற்பது என்பது கம்பெனியின் விருப்பம். கீழ் வரம்பை ஒட்டி டயரை வார்த்தால் ரப்பர் குறையும், எடை குறையும். அதனால் கொஞ்சம் சிறியதாக வரும் டயர்களே கண்ணில் அதிகம் படுவது எனக்கு வியப்பாக இல்லை.

அகலத்திலும் இதே கதைதான். 295 என்று எழுதியிருக்கும் இந்த டயருக்கு 9.00 அங்குல ரிம்மில் அட்டவணையே கொடுக்கும் அகலம் 298 மி.மீ. இதை 8.25 ரிம்மில் மாட்டினால் சுமார் 290-க்கு இறங்கிவிடும். ரிம் அகலம் அரை அங்குலம் மாறினால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. மாறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. அகன்ற ரிம்மில் பக்கச்சுவர் விரிந்து நிற்கும், உயரம் ஒரு துளி குறையும். குறுகிய ரிம்மில் இதற்கு நேர்மாறு. அதனால்தான் ஒவ்வொரு அளவுக்கும் 'அளவிடும் ரிம்' என்று ஒன்றைக் குறிப்பிட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் ரிம் அது இல்லை என்றால் உங்கள் அளவும் அது இல்லை. பலர் டேப்பை ட்ரெட் (தரையில் படும் பகுதி) மேல் குறுக்கே வைத்துப் பார்த்துவிட்டு "295 எங்கே, 240-கூட இல்லையே" என்கிறார்கள். ட்ரெட் அகலம் வேறு, பக்க அகலம் வேறு. பக்கச்சுவர் இரண்டும் அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தில், எழுத்துகளையும் பாதுகாப்பு வரிகளையும் சேர்க்காமல் எடுப்பதுதான் பக்க அகலம்.

பெயருக்கும் அளவுக்கும் உள்ள தூரம் பழைய அளவுகளில் இன்னும் அதிகம். 10.00 ஆர் 20 என்ற டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அங்குலம் என்றால் 254 மி.மீ. ஆனால் அந்த டயரின் உண்மையான அகலம் சுமார் 278, கிட்டத்தட்ட 11 அங்குலம். இதே இடத்துக்கு டியூப்லெஸ் வந்தபோது அதற்கு 11 ஆர் 22.5 என்று பெயர் வைத்தார்கள். அகலமும் விட்டமும் ஏறக்குறைய அதேதான், இரண்டும் 1050-ஐ ஒட்டித்தான் நிற்கும். பெயரைப் பார்த்தால் ஒரு அங்குலம் அகலம் கூடி, ரிம் இரண்டரை அங்குலம் பெருத்த மாதிரி இருக்கும். 9.00-20-க்கு 10-22.5, 11.00-20-க்கு 12-22.5 என்று அந்த வரிசை முழுவதும் இப்படித்தான்.

இதே சந்தேகம் பிக்கப்பும் ஜீப்பும் வைத்திருப்பவர்களுக்கு வேறு வடிவில் வரும். "35 அங்குல டயர்" என்று வாங்குவார்கள், 34.3 தான் வரும். பெரும்பாலும் அவர்கள் வாங்கியது 315/70 ஆர் 17. கணக்குப் போட்டால் 872.8 மி.மீ., அதாவது 34.4 அங்குலம். பேச்சு வழக்கில் அது 35 ஆகிவிட்டது. 285/70 ஆர் 17-ஐ 33 என்பார்கள், கணக்கில் 32.7. சரி, பக்கச்சுவரிலேயே 35 x 12.50 ஆர் 17 என்று அங்குலத்தில் அச்சிட்ட டயராவது 35 வருமா? கம்பெனிகள் தாங்களே வெளியிடும் அட்டவணையில் விட்டம் என்ற கட்டத்தைப் பாருங்கள். 34.5, 34.8 என்று அவர்களே எழுதியிருப்பார்கள். பெயரை நம்பி மட்கார்டை வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது 1015-க்கும் 1020-க்கும் வருவோம். அட்டவணையில் இருக்கும் விட்டம் எப்படி எடுக்கப்படுகிறது தெரியுமா? டயரை அளவிடும் ரிம்மில் மாட்டி, குறித்த அழுத்தத்துக்குக் காற்று அடித்து, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் அப்படியே வைப்பார்கள். அப்புறம் அழுத்தத்தை மறுபடி சரிசெய்வார்கள். அகலத்தை ஆறு இடங்களில் காலிப்பர் வைத்து எடுப்பார்கள். விட்டத்தை நேராக அளப்பதே இல்லை. ட்ரெட்டின் நடுவில் சுற்றளவை எடுத்து 3.1416-ஆல் வகுப்பார்கள். கவனியுங்கள், இத்தனையிலும் டயர் மேல் ஒரு கிலோ பாரம்கூட இல்லை. உங்கள் டயரோ லாரியின் கீழே நிற்கிறது.

லோடு ஏறியதும் தரையைத் தொடும் இடம் தட்டையாகும். இந்த அளவு டயரில் அச்சின் மையத்திலிருந்து தரை வரை உள்ள தூரம், முழு லோடில், காற்றில் தொங்கும்போது இருப்பதைவிட 30 முதல் 40 மி.மீ. வரை குறையும். மேல் பாதி அப்படியேதான் இருக்கும், கீழ் பாதி மட்டும் அமுங்கும். எனவே தரையிலிருந்து உச்சிக்கு டேப் பிடித்தால் உங்களுக்குக் கிடைப்பது விட்டம் இல்லை, அமுங்கிய ஆரமும் அமுங்காத ஆரமும் சேர்ந்த ஒரு கலவை. காற்று 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் அது மாறும், வண்டியில் லோடு ஏறினால் மாறும். உங்கள் 1044-இல் காணாமல் போன 20, 30 மி.மீ.யில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். முழு லோடில் தரை வரை உள்ள ஆரம் 487 மி.மீ. என்று வைத்துக்கொண்டு சுற்றளவு போட்டால் 3060 வரும். பாரமில்லாத 1044-க்கு 3280 வரும். டயர் ஒரு சுற்றில் உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது? இரண்டுக்கும் நடுவில். ரேடியல் டயருக்கு ஈடிஆர்டிஓ பயன்படுத்தும் கணக்கு, விட்டத்தை 3.14-க்குப் பதிலாக 3.05-ஆல் பெருக்குவது: 3184 மி.மீ. காரணம், ட்ரெட்டுக்குக் கீழே சுற்றி ஓடும் இரும்புக் கம்பிப் பட்டை. அது அமுங்கும், வளையும், ஆனால் சுருங்காது. புல்டோசரின் சங்கிலி மாதிரி யோசியுங்கள். சங்கிலியின் வடிவம் தட்டையாக இருந்தாலும் ஒரு சுற்றில் அதன் முழு நீளமும் தரையில் விரிந்துவிடுகிறது. டயர் பட்டை அந்த அளவுக்குப் போகாது, ஆனால் அந்தப் பக்கம்தான் சாயும். வேகமானி, வேகத்தையும் தூரத்தையும் பதிவு செய்யும் டாக்கோகிராஃப், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இவையெல்லாம் இந்த உருளும் சுற்றளவை வைத்துத்தான் சரிபார்க்கப்பட வேண்டும். நின்ற உயரத்தை டேப்பில் எடுத்து அதில் போட்டால் வேகம் தப்பாகத்தான் காட்டும்.

இதை நீங்களே எடுத்துவிடலாம். டயர் சூடாவதற்கு முன்பே காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வழக்கமாக ஏற்றும் லோடு இருக்கட்டும், தரை சமமாக இருக்கட்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. வண்டியை ஐந்து சுற்று நேராக, மெதுவாக நகர்த்தி, டயர் கோடு மறுபடி கீழே வந்ததும் நிறுத்தி அங்கே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஐந்தால் வகுத்தால் போதும். உங்கள் அளவுக்கு ஐந்து சுற்றில் 16 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். ஒரே சுற்றில் எடுத்தால் கோட்டின் தடிமனே பிழையாகிவிடும், அதனால்தான் ஐந்து.

தேய்மானத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் நடைமுறையில் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது. 15 மி.மீ. ட்ரெட் ஆழத்தோடு வந்த டயர் 5 மி.மீ.க்குத் தேய்ந்தால், மேலே 10, கீழே 10, விட்டத்தில் 20 மி.மீ. போய்விட்டது. இரண்டு கம்பெனிகளின் புது டயர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரே கம்பெனியின் புதியதுக்கும் பழையதுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருப்பது சாதாரணம். முன் அச்சுக்கான ரிப் டயரைவிடப் பின் அச்சுக்கான லக் டயர் புதிதாக இருக்கும்போதே பெரியதாக நிற்பதும் பட்டன் ஆழத்தால்தான். ரீட்ரெட் செய்த டயர் என்றால் பழைய கூட்டின் மேல் எவ்வளவு ஆழத்துக்கு ரப்பர் ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

இதற்கு எதிர்த்திசையில், புது டயர் ஓட ஓடக் கொஞ்சம் வளரும். நாம் நைலான் டயர் என்று சொல்லும் குறுக்கிழை டயரில் இது நன்றாகவே தெரியும், ரேடியலில் குறைவு. அன்றைக்கு மாட்டிய டயரை அன்றைக்கே அளந்து முடிவு கட்ட வேண்டாம், ஒரு நாள் காற்றோடு நிற்கட்டும்.

இனி உங்கள் ஜோடி. இரண்டு டயரும் ஒரே அச்சில், ஒரே போல்ட்டில் இறுகியிருக்கின்றன. எனவே அச்சின் மையம் இரண்டுக்கும் ஒரே உயரத்தில்தான் இருக்கும். அப்படியானால் உச்சியில் தெரியும் 5 மி.மீ. என்பது ஆரத்தின் வித்தியாசம், விட்டத்தில் அது இரு மடங்கு, 10. அச்சின் மையம் தரையிலிருந்து சுமார் 497 என்று வைத்தால், ஒன்று 1036 விட்டம், மற்றது 1046. இரண்டும் 1029–1062 வரம்புக்குள் வந்துவிட்டன. இதனால்தான் முதலிலேயே யாரும் ஏமாற்றவில்லை என்றேன்.

ஆனால் விதிக்குள் இருப்பதும் ஜோடியாக ஒத்துப்போவதும் வேறு வேறு. 10 மி.மீ. விட்ட வித்தியாசம் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 30 மி.மீ. தூர வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்கு இந்த டயர் 314 சுற்று சுற்றும். பெருக்கிப் பாருங்கள், 9 மீட்டருக்கு மேல். இரண்டும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும் என்பதால் அந்தத் தூரத்தை ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். பெரிய டயர் அதிகப் பாரம் ஏற்றுச் சற்றே கூடுதலாக அமுங்குவதால் இதில் கொஞ்சம் குறையும், முழுவதும் குறையாது. பெரியது அதிகப் பாரத்தால் சூடாகும், சின்னது இழுபட்டு ஒழுங்கில்லாமல் தேயும். ஒருவர் புது டயர் ஒன்றைப் பாதி தேய்ந்த டயரோடு ஜோடி சேர்த்து ஓட்டினார். சில மாதம் கழித்துக் கழட்டியபோது பழைய டயரின் ஓரப் பட்டன்கள் கத்தி வைத்துச் சீவியது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. அவர் அலைன்மென்ட் பார்த்து, பேரிங் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சுற்றளவை அளந்தார். நாற்பது மி.மீ.க்கு மேல் வித்தியாசம். அந்த டயர் போனதைப் பார்த்து எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

பொதுவாகப் பின்பற்றும் வரம்பு இது: 8.25 என்று தொடங்கும் டயர் அளவு (ரிம் அகலம் இல்லை) வரைக்குமான சிறிய அளவுகளில் ஜோடிக்குள் விட்ட வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், 9.00-உம் அதற்கு மேலும் அரை அங்குலத்துக்குள். சுற்றளவாகச் சொன்னால் முக்கால் அங்குலமும் ஒன்றரை அங்குலமும், அதாவது 19 மி.மீ.யும் 38 மி.மீ.யும். உங்களுடையது சுமார் 31. உள்ளே இருக்கிறது, ஆனால் ஓரமாக இருக்கிறது. நான் என்றால் ஓட்டுவேன், ஆனால் பெரியதை வெளிப்பக்கம் மாட்டுவேன். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் உள் டயருக்குத்தான் பாரம் அதிகம் விழும், பெரியதை வெளியே போட்டால் அது ஓரளவு சமமாகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் ஜோடியோடு நிற்காமல் முன் அச்சையும் பின் அச்சையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த வித்தியாசம் கியர்களின் தலையில் விழும்.

என் 1036, 1046 கணக்கு நீங்கள் சொன்ன உயரத்தை வைத்துப் போட்டது. லோடு இல்லாத நேரத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, மெல்லிய இரும்பு டேப்பை ட்ரெட் நடுவில் சுற்றி இரண்டையும் ஒரே அழுத்தத்தில் அளந்துவிடுங்கள். சுற்றளவில் 3 மி.மீ. பிழை வந்தாலும் விட்டத்தில் அது 1 மி.மீ. தான், அதனால் இந்த முறையில் கை நடுங்கினாலும் பரவாயில்லை. சுற்றிப் பிடிக்க வசதி இல்லையென்றால் இரண்டு டயருக்கு மேலும் நீளும்படி ஒரு நேர்கோலைப் பெரிய டயரின் மேல் அச்சுக்கு இணையாக வைத்து, சின்ன டயருக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அந்த இடைவெளியை இரண்டால் பெருக்க மறக்க வேண்டாம். அளந்த சுற்றளவைப் பக்கச்சுவரின் உட்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தால், அடுத்த டயர் வாங்கும்போது எதோடு எதை ஜோடி சேர்ப்பது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.